குடியும் கோடும்: கல்முனைக் கரையில் சமூக ஒழுங்கின் கதை

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு வாவியின் தென்முனையிலிருந்து பொத்துவில் வரை, கடலுக்கும் நெல்வயலுக்கும் நடுவே ஒடுங்கி நீளும் மணல்நிலத்தில் தமிழ் பேசும் இரு சமூகங்கள் ஊர்மாறி ஊராக வாழ்ந்து வருகின்றன. மருதமுனை முஸ்லிம் ஊர். அதை அடுத்த பாண்டிருப்பு தமிழூர். கல்முனையில் இருவரும் உள்ளனர். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு ஆகியவை முஸ்லிம் ஊர்கள். அவற்றைத் தாண்டினால் சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு. நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என மீண்டும் முஸ்லிம் ஊர்கள் தொடர்ந்து, அக்கரைப்பற்றில் முஸ்லிம்களும் அதை ஒட்டிய ஆலையடிவேம்பில் தமிழருமாக நின்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று தமிழூர்களாகத் தெற்கே இறங்குகின்றன. பிரதான வீதியில் செல்லும் வெளியூரார் ஒருவருக்கு ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கியதைக் கோபுரமும் மினாராவும் சொன்னால் உண்டு. வேறு எதுவும் சொல்லாது. மொழி ஒன்று, வேளாண்மை ஒன்று, உறவுமுறைப் பெயர்கள் பெரும்பாலும் ஒன்று, வீடு யாருக்கு உரியது என்ற வழக்கமும் ஒன்று. மதம் வேறு, அரசியல் நினைவு வேறு.

இவ்வாறு நெருங்கியும் வேறுபட்டும் வாழும் மக்களிடையே யார் எங்கே நிற்பது, எந்த மரியாதை யாருக்கு, எதில் யாருக்குப் பங்கு என்ற கேள்விகளுக்கு இக்கரை கடந்த நூற்றாண்டுகளில் இரு வகை விடைகளைக் கண்டுள்ளது. முந்தையது, வேறுபட்ட ஒவ்வொரு பிரிவுக்கும் பொது அமைப்பொன்றினுள் ஓர் இருக்கையும் ஒரு முறையும் ஒதுக்கியது. அதற்குக் குடிமரபு என்று பெயர். பிந்தையது, வேறுபட்டவர்களை நிலத்தின்மேல் கோடிட்டுப் பிரிக்க முயல்வது. தேர்தல் தொகுதி, மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, உள்ளூராட்சி எல்லை ஆகியன அதன் வடிவங்கள். பிந்தையது முந்தையதை அகற்றிவிட்டது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. கல்முனையின் அண்மைக்கால வரலாறு அக்கருத்துக்கு இடம் தரவில்லை.

இக்கரையில் முஸ்லிம்கள் எப்போது குடியேறினர் என்பதற்கு ஒரே நாள் சொல்ல முடியாது. அரபுக் கடல்வணிகத்தோடும் தென்னிந்தியக் கரைகளோடும் கொண்ட தொடர்பால் பல அலைகளாக வந்தவர்கள் அவர்கள். போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி அரசன் செனரத் அவர்களுள் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்ற செய்தியைப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதிவைத்திருக்கிறார். ஊர்மக்களின் வாய்மொழி வரலாறோ வேறோர் இடத்தில் தொடங்குகிறது. முக்குவர், திமிலர் என்ற இரு சாதியாருக்கு இடையே நடந்த போரில் முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்று திமிலரை விரட்டினர் என்றும், அதற்குக் கைம்மாறாக முக்குவர் தம் பெண்களை மணம் முடித்துக் கொடுத்தனர் என்றும், தாய்வழிக் குடிகள் முஸ்லிம்களிடையே வேரூன்றியது அவ்வாறுதான் என்றும் அக்கதை கூறும். போர் நடந்த விதத்தைப் பற்றி இதிலிருந்து அதிகம் அறிய இயலாது. ஆனால் இரு சமூகத்தாரும் தமக்குள் ஒரு சம்பந்தம் உண்டு என்பதை வெட்கமின்றிச் சொல்லிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குடி என்பது இங்கே தாய்வழியாக இறங்கும் மரபுக்கூட்டம். பிள்ளை ஆணாயினும் பெண்ணாயினும் உம்மாவின் குடியையே சேரும். வாப்பாவின் குடி வேறாகவே இருக்க வேண்டும், ஏனெனில் ஒரே குடிக்குள் மணம் செய்வது வழக்கத்துக்கு மாறானது. தமிழரிடையே உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என வழங்கும் பெயர்களைப் போலவே முஸ்லிம் ஊர்களிலும் குடிப்பெயர்கள் உள்ளன. குடியின் உட்கிளையை வயிற்றுவார் என்பர். இந்த மண விதி மார்க்கச் சட்டத்திலிருந்து வந்ததன்று. ஷரீஆவின்படி உம்மாவின் சகோதரி மகளை மணப்பது ஆகும், ஆனால் குடிமரபில் அவள் தங்கை முறையாவதால் ஆகாது. மாமன் மகளும் மாமி மகளுமே முறைப்பெண்கள். அரபு நாட்டிலிருந்து வந்த சட்டத்தையும் இக்கரையின் உறவு ஒழுங்கையும் மக்கள் ஒருசேரக் கடைப்பிடித்தனர். சட்டம் அனுமதித்ததை வழக்கம் தடுத்தபோது வழக்கத்தின் பக்கம் நின்றதால் தம் ஈமான் குறைந்ததாக யாரும் எண்ணவில்லை.

குடியின் பொது வாழ்வு பள்ளிவாசலில்தான் வெளிப்பட்டது. ஊரின் பெரிய பள்ளியை நிர்வகிக்கும் சபையில் ஒவ்வொரு முதன்மைக் குடிக்கும் ஒரு பிரதிநிதி இருப்பார். அவர் மரைக்காயர் அல்லது மரைக்கார் எனப்படுவார். பள்ளியின் வருமானம், கந்தூரிச் சோற்றின் பங்கீடு, ஊர்ப் பிணக்குகளின் தீர்ப்பு, திருமணத்துக்கான ஒப்புதல், தவறு செய்தவரை ஊர்விலக்கு வைப்பது ஆகிய எல்லாமே அச்சபையின் கைக்குள் இருந்தன. தமிழ்க் கோயில்களில் இதே இடத்தை வகித்தவர் வண்ணக்கர். கொக்கட்டிச்சோலையும் திருக்கோவிலும் போன்ற தேசத்துக் கோயில்களில், அதாவது ஒரு பெரும் பிரதேசத்துக்கே உரிய கோயில்களில், எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, எந்த மரியாதை முதலில் யாருக்கு என்பன வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ என்னும் நூல் இத்தகைய உரிமைகளை விரித்துப் பேசுகிறது. 1969இல் அக்கரைப்பற்றில் கள ஆய்வைத் தொடங்கி, அதன் முழு முடிவை 2008இல் நூலாக வெளியிட்ட அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, கோயில் வண்ணக்கருக்கும் பள்ளி மரைக்காயருக்கும் இடையிலான இந்த ஒற்றுமையை விரிவாக எடுத்துக்காட்டியவர்.

இந்த ஒழுங்கின் உள்ளுறையைக் கவனித்தால், அது வேற்றுமையை மறுக்கவில்லை என்பதும், வேற்றுமையைப் பிரிவினையாக்கவும் இல்லை என்பதும் புலப்படும். ஒரு குடி மற்றொன்றைவிடத் தாழ்ந்ததென்று கருதப்பட்டாலும் அதற்குச் சபையில் இடம் இருந்தது. சபையில் இடமிருந்த குடிகள் தமக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால், எந்தப் பிணக்கிலும் எதிர்த்தரப்பில் ஒரு மாமனோ மச்சானோ இருந்தே தீருவான். சண்டை வராமல் இருக்கவில்லை. வந்த சண்டை நெடுநாள் நீடிப்பது கடினமாக இருந்தது. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்பு முறித்தல் என்னும் விளையாட்டில் தமிழூர் ஒன்று வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, ஒன்று கோவலன் கட்சியாகவும் மற்றது கண்ணகி கட்சியாகவும் நின்று, கொளுவிய கொம்புகளை இழுத்து மோதிவிட்டு மீண்டும் ஒரே ஊராகும் வழக்கத்தையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

எனினும் பழைய ஒழுங்கை நினைந்து உருகுவோர் அதன் விலையையும் கணக்கில் கொள்வது நல்லது. அது சமத்துவ ஒழுங்கன்று. தமிழரிடையே வேளாளர், முக்குவர், கரையார் முதலான சாதிகளுக்குக் கீழே வண்ணாரும் அம்பட்டரும் பறையரும் பரம்பரைத் தொழிற்கடமைகளோடு கட்டப்பட்டிருந்தனர். முஸ்லிம்களிடையே சாதி இல்லை என்பது பொதுவாக உண்மையே ஆயினும், கத்னாச் செய்வதையும் முடி திருத்துவதையும் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட ஒஸ்தாமாரோடு மற்றக் குடியினர் மண உறவு கொள்வது அரிதாகவே இருந்தது. நபிகளாரின் வழித்தோன்றல்களாகத் தம்மைக் கூறும் மௌலானாமாருக்கும் தங்கள்மாருக்கும் தனி மரியாதை இருந்தது. தொழுகையின் சஃப்பில் தோளோடு தோள் நின்றவர்கள் சம்பந்தம் பேசும்போது குடியைக் கேட்டார்கள். வயலிலும் இதே நிலைதான். பெருநிலச் சொந்தக்காரரான போடியாரும், அவருக்காக வேளாண்மையை மேற்பார்த்த முல்லைக்காரனும், நீர்ப்பங்கீட்டைக் கவனித்த வட்டவிதானையும், கூலிக்கு அருவி வெட்டியவரும் ஒரே வட்டையில், அதாவது ஒரே வயல்வெளியில் நின்றாலும், களத்திலிருந்து வீடுசெல்லும் நெல்லின் அளவு அவர்களின் இடத்தைச் சொல்லியது. போடிமாரில் தமிழரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. ஏழை விவசாயியின் நோக்கில் அந்த வேறுபாடு பெரிதாக இருந்திருக்காது.

பழைய ஒழுங்கின் மிகப்பெரிய புதிர் பெண்ணைப் பற்றியது. குடி அவள் வழியாகவே இறங்கிற்று. வீடும் அவளுடையதாகவே இருந்தது. மகளுக்கு மணம் பேசும்போது பெற்றோர் வீட்டையும், வசதியிருந்தால் வயலில் ஒரு பகுதியையும் சீதனமாக அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்தனர். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அவ்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த மகளுக்கு முறை வரும்போது பெற்றோர் அதே வளவின் மூலையிலோ புதிய வளவிலோ இன்னொரு வீட்டைக் கட்டி அங்கே மாறினர். கல்முனைக் கரையின் ஊர்களில் ராத்தா, தங்கச்சிமாரின் வீடுகள் ஒரே வேலிக்குள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இதுவே.

இவ்வழக்கத்தின் சட்டப் பின்னணி சிக்கலானது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளை ஒல்லாந்தர் 1707இல் தேசவழமை என்று தொகுத்தனர். மட்டக்களப்பு முக்குவரின் சட்டத்துக்கு அப்பேறு கிட்டவில்லை. கிறிஸ்தோபர் பிரிட்டோ அதை நூலாக வெளியிட்ட 1876ஆம் ஆண்டிலேயே, திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமை பற்றிய 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்து அதன் உயிரை எடுத்தது. ஒரு சட்டம் அச்சேறிய ஆண்டிலேயே செத்துப்போவது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. முஸ்லிம்களுக்கோ 1806இல் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் காலத்தில் தொகுக்கப்பட்ட முகம்மதியச் சட்டக்கோவையும், பின்னர் 1931இன் முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் பொருந்தின. அவற்றின்படி ஒருவர் இறந்தபின் மகளுக்குக் கிடைப்பது மகனின் பங்கில் பாதி. ஆனால் கிழக்குக் கரையில் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே வீடும் வளவும் மகள்மாருக்கு நன்கொடையாகப் போய்விடுவதால், இறப்புக்குப்பின் ஷரீஆவின்படி பங்கிடுவதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை. எந்தச் சட்டத்தையும் மீறாமலே ஒரு சமூகம் தன் பெண்மக்களுக்குப் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டது.

இதைக் கொண்டு பெண்ணுக்கு அதிகாரம் இருந்தது என்று முடிவுகட்டினால் தவறாகும். மரைக்காயர் சபையில் எந்தக் காலத்திலும் பெண் அமர்ந்ததில்லை. குடியின் பெயர் அவளிடமிருந்து வந்தது, குடியின் குரல் அவளுடைய தம்பியிடமோ மாமாவிடமோ இருந்தது. வீடு கட்டும் பாரமோ குடும்பம் முழுவதன்மேலும் விழுந்தது. பெண்பிள்ளைகள் பலர் உள்ள வாப்பா தம் ஆயுளை வீடு கட்டுவதில் கழித்தார். காக்காமாரும் தம்பிமாரும் சகோதரிகளின் வீடுகள் முடியும்வரை தம் திருமணத்தைத் தள்ளிவைத்தனர். 1980களிலிருந்து பெண்களே மத்தியகிழக்கில் பணிப்பெண்களாக உழைத்துத் தம் சீதன வீட்டுக்குக் கல் அடுக்கினர். மார்க்கச் சீர்திருத்தம் பேசியோர் சீதனத்தைக் கண்டித்து, மஹர் கொடுக்க வேண்டியவன் ஆண் என்பதை வலியுறுத்தியது நியாயமே. ஆயினும் சீதனம் முற்றாக ஒழிந்து, ஷரீஆப் பங்கீடு மட்டும் எஞ்சினால் இக்கரையின் பெண்ணுக்கு இன்று உள்ளதைவிடக் குறைந்த சொத்தே கிடைக்கும் என்ற விளைவைச் சீர்திருத்தப் பேச்சுகளில் பெரும்பாலும் காண முடிவதில்லை.

குடிமரபு மெலியத் தொடங்கியது சட்டத்தால் மட்டுமன்று. 1956ஆம் ஆண்டு வக்பு சட்டத்தின் கீழ்ப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களை உறுதிப்படுத்தும் அதிகாரம் அரசு அமைத்த சபையிடம் சென்றது. அச்சட்டம் ஒவ்வொரு பள்ளியின் பழைய வழக்கத்துக்கும் மதிப்பளித்தமையால் மரைக்காயர்மார் உடனே மறையவில்லை. ஆனால் அவர்களின் இருக்கைக்குக் கொழும்பிலிருந்து வரும் கடிதம் தேவையாயிற்று. பின்னர் தப்லீக், தவ்ஹீத் ஆகிய இயக்கங்கள் பரவியபோது, குடியின் அடிப்படையில் அமையாத புதிய பள்ளிகளும் ஜமாஅத்துகளும் தோன்றின. கல்முனைக் கடற்கரைப்பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் நிகழும் கொடியேற்றமும் கந்தூரியும் கூட அவ்வியக்கங்களின் கண்டனத்துக்கு ஆளாயின, விழா நின்றுவிடவில்லை.

இனி மற்றைய விடைக்கு வரலாம். கண்டி அரசின் காலம் தொட்டு இப்பகுதி பற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கரைவாகுப் பற்று, சம்மாந்துறைப் பற்று, நிந்தவூர்ப் பற்று, அக்கரைப் பற்று, பாணமைப் பற்று ஆகியன வரி வாங்கவும் நீதி வழங்கவும் ஏற்பட்ட பிரிவுகள். ஒரு பற்றினுள் இரு சமூகத்தாரும் இருப்பது யாருக்கும் உறுத்தவில்லை, ஏனெனில் பற்றின் தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வாக்குரிமை வந்ததும் எண்ணிக்கை பொருளுள்ளதாயிற்று. எண்ணிக்கை பொருளுள்ளதானதும் எல்லை எங்கே செல்கிறது என்பது உயிர்ப் பிரச்சினையாயிற்று.

தொடக்ககாலத் தேர்தல்களில் பழைய ஒழுங்கும் புதிய ஒழுங்கும் கைகோத்தே நடந்தன. 1947இல் கல்முனைத் தொகுதியில் வென்றவர் கேட் முதலியார் எம். எஸ். காரியப்பர், நிலவுடைமையும் அரச பட்டமும் குடிச் செல்வாக்கும் ஒன்றுசேர்ந்த ஆளுமை. வாக்குக் கேட்பவர் முதலில் குடித்தலைவர்களின் வீட்டு வாசலுக்குச் சென்றார். 1956இல் அவர் கல்முனையிலும் எம். எம். முஸ்தபா பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியின் வேட்பாளர்களாக நின்று வென்றனர்; சிங்களம் மட்டும் சட்டம் வரும் என்ற அச்சம் தமிழ் பேசும் மக்கள் என்ற ஒரே குடையின்கீழ் இருவரையும் கொண்டுவந்திருந்தது. இருவரும் விரைவிலேயே அரசாங்கத்தின் பக்கம் சென்றனர். முஸ்தபா பின்னர் நிதியமைச்சருமானார். இதைத் தமிழ் அரசியல் வரலாறு துரோகம் என்று எழுதுவது வழக்கம். தொகுதி மக்களின் பார்வையில் அது வேறாகத் தோன்றியிருக்கலாம்: கொழும்போடு பேசிக் காரியம் முடித்துத் தருபவரே தலைவர் என்பது போடியார் காலத்திலிருந்தே நிலவிய அரசியல் அறிவு. 1977இலும் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி தமிழர் விடுதலைக் கூட்டணியோடு உடன்பாடு கண்டு தேர்தலைச் சந்தித்தது. அதன் முஸ்லிம் வேட்பாளர் ஒருவரும் வெல்லவில்லை, கல்முனை ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ. ஆர். மன்சூருக்குக் கிடைத்தது. அவ்வுடன்பாட்டுக்காக மேடையேறிய இளம் சட்டத்தரணிகளுள் ஒருவர், சம்மாந்துறையில் 1948இல் பிறந்து கல்முனையில் வளர்ந்த எம். எச். எம். அஷ்ரப்.

இதற்கிடையே நிலத்தின் வரைபடமே மாறியிருந்தது. பட்டிப்பளை ஆற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை அமைத்த கல்லோயாத் திட்டத்துக்காக 1949இல் அபிவிருத்திச் சபை ஏற்பட்டு, உள்நிலத்தில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள் குடியேற்றப்பட்டனர். 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது, தலைநகரம் கரையோரத்தில் அமையாமல் அக்குடியேற்றத்தின் நடுவே அமைந்தது. கல்முனை விவசாயி காணி விடயமாகக் கச்சேரிக்குப் போக வேண்டுமானால் தன் மொழி வழங்காத நகருக்குப் போக வேண்டியதாயிற்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்ட மக்களில் ஏறத்தாழ 43 சதவீதத்தினர் முஸ்லிம்கள், 39 சதவீதத்தினர் சிங்களவர், 17 சதவீதத்தினர் தமிழர். எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத இத்தகைய மாவட்டத்தில் ஒவ்வொரு சமூகமும் தன்னைச் சிறுபான்மையாகவே உணர்வதும், ஏதோவொரு கோட்டை நகர்த்தினால் தான் பெரும்பான்மையாகலாம் என்று நம்புவதும் நிகழ்கின்றன.

1981இல் காத்தான்குடியில் தோன்றிய ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ், அஷ்ரப்பின் தலைமையில் தேசியக் கட்சியாக வளர்ந்தது இந்தச் சூழலிலேயே. விகிதாசார முறையில் மாவட்டம் முழுவதும் திகாமடுல்ல என்னும் ஒரே தேர்தல் மாவட்டமாகியிருந்ததால், சிதறிக் கிடந்த முஸ்லிம் ஊர்களின் வாக்குகளை முதன்முறையாக ஒன்றுதிரட்ட முடிந்தது. 1989இல் அஷ்ரப் நாடாளுமன்றம் சென்றார், 1994இல் அமைச்சரானார், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உருவாக வழிசெய்தார், 2000 செப்டம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். கட்சி குடிக்கு மேலான ஓர் அடையாளத்தைக் கொடுத்தது உண்மை. ஆனால் விருப்பு வாக்கு முறையில் ஒரே கட்சியின் வேட்பாளர்களே தமக்குள் போட்டியிட நேர்ந்ததால், ஊருக்கு ஊர், ஊருக்குள் குடிக்குக் குடி என்று பழைய கணக்குகள் பின்வாசலால் திரும்பி வந்தன.

இரு சமூகங்களுக்கும் இடையே இரத்தம் சிந்திய ஆண்டுகளைச் சுருக்கமாகவே கூற வேண்டும். ஒவ்வொரு நிகழ்வும் தனி நூலுக்குரியது. 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1990 ஜூனில் சரணடைந்த பொலிஸார் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். தொடர்ந்து கல்முனைத் தமிழர் பலர் படையினரின் பிடியில் மாண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களும் ஏறாவூர் மக்களும் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழர் கொல்லப்பட்டனர். குடிமரபின் உறவு வலை ஒரு சமூகத்தினுள் பிணக்குகளைத் தணிக்க வல்லது. இரு சமூகங்களுக்கு இடையே மண உறவு நின்றுபோய் நூற்றாண்டுகள் கடந்த பின், முக்குவர் கதையின் பழைய சம்பந்தத்தால் துப்பாக்கிகளைத் தடுக்க முடியவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது நாட்டின் மாவட்டங்களுள் மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறையே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் கடலோர வளவுகள் முழுவதுமாக அழிந்தன. அதன் பின்னான மீள்குடியேற்றத்தில் அரசின் பதிவேடும் கரையின் வழக்கமும் நேருக்குநேர் மோதின. வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றர் வரை கட்டடம் கூடாது என்று விதிக்கப்பட்டது. கடலை ஒட்டி அடுக்கடுக்காகக் குடும்பங்கள் வாழும் ஊரில் அந்த அளவு ஊரின் பெரும்பகுதியையே விழுங்கியது. புதிய வீடுகள் குடும்பத் தலைவரின் பெயரில் வழங்கப்பட்டன. அரச படிவத்தில் குடும்பத் தலைவர் என்றால் கணவர். அலை அழித்த வீடு மனைவியின் சீதனம், அலைக்குப் பின் கிடைத்த வீடு கணவனின் உடைமை என்ற நிலை பல குடும்பங்களில் தோன்றியது. உறுதியில் பெண்ணின் பெயரைச் சேர்க்குமாறு பெண்கள் அமைப்புகள் போராட வேண்டியிருந்தது. ஒரு படிவத்தின் ஒற்றைக் கட்டம், எந்த ஆதிக்க நோக்கமும் இன்றியே, நூற்றாண்டுகால உடைமை முறையைத் தலைகீழாக்க முடியும் என்பதை இக்கரை அப்போது கண்டது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியோடு கட்டப்பட்ட 500 வீடுகள் யாருக்கு எந்த விகிதத்தில் என்ற வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்ததும் இதன் தொடர்ச்சியே.

இன்றைய கல்முனையின் பிணக்குகள் அனைத்தும் எல்லை பற்றியவை. கல்முனைப் பட்டின சபை, கரைவாகு வடக்கு, தெற்கு, மேற்குக் கிராம சபைகள் என்று நான்காக இருந்த உள்ளூராட்சி 1987இல் ஒன்றாக்கப்பட்டு, 2001இல் மாநகர சபையாயிற்று. கல்முனை வடக்கில் உப நிலையில் இயங்கும் தமிழ்ப் பிரதேச செயலகத்தை முழு அதிகாரமுள்ளதாக்கக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தது. அதில் இந்துக் குருமாரோடு பௌத்த பிக்கு ஒருவரும் அமர்ந்தார். முஸ்லிம்கள் எதிர்த்தனர், ஏனெனில் முஸ்லிம் வணிகர்கள் கடை வைத்திருக்கும் கல்முனைக் கடைத்தெரு எந்தப் பிரிவுக்குள் விழும் என்பது அக்கோட்டைப் பொறுத்தது. இதை இனமுரண் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால், மறுபுறத்தில் சாய்ந்தமருது கல்முனை முஸ்லிம்களிடமிருந்தே பிரிந்து தனி நகர சபை கேட்பதை விளக்க முடியாது. மொழியும் மார்க்கமும் ஒன்றாக உள்ள இரு அயலூர்களும் தமக்குள் கோடு வேண்டுகின்றன.

சாய்ந்தமருதுக் கோரிக்கை நடத்தப்பட்ட விதம்தான் வரலாற்றாசிரியருக்குச் சுவையானது. கட்சிகள் வாக்குறுதி கொடுத்துக் காலம் கடத்தியபோது, அப்போராட்டத்தைக் கையில் எடுத்தது ஊரின் ஜும்ஆப் பெரிய பள்ளிவாசல். 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் பள்ளியின் ஆதரவோடு தோடம்பழச் சின்னத்தில் ஒரு சுயேச்சைக் குழு நின்று, ஊரின் வட்டாரங்களில் தேசியக் கட்சிகளைத் தோற்கடித்தது. 2020 பெப்ரவரியில் தனி நகர சபைக்கான வர்த்தமானி வெளிவந்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களுக்குள் அரசாங்கத்தால் பின்வாங்கப்பட்டது. கோட்டின் அரசியலை நடத்துவதற்கு ஊர் மீண்டும் குடியின் சபையையே நாடியது. வேட்பாளரைத் தெரிவதும், கட்டுப்பாட்டை அறிவிப்பதும், மீறியோரைக் கண்டிப்பதும் மரைக்காயர் காலத்துப் பழகிய வேலைகளே.

அதே தேர்தலில் ஒரு புதுமையும் நிகழ்ந்தது. உள்ளூராட்சிச் சபைகளில் 25 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்ற சட்டத் திருத்தம் அப்போதுதான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. தேசியக் கட்சிகளைப் போலவே பள்ளியின் ஆதரவு பெற்ற குழுவும் தன் வேட்புமனுவில் பெண்களின் பெயர்களைச் சேர்த்தாக வேண்டியிருந்தது. குடியின் வேராக இருந்தும் குடிச்சபையில் ஒருநாளும் அமராத பெண்கள், பள்ளிவாசல் வழிநடத்திய பட்டியல் ஒன்றில் இடம்பெற்றது கொழும்பில் இயற்றப்பட்ட சட்டத்தின் வற்புறுத்தலால்தான். அதற்கு மரைக்காயர் மரபில் முன்னுதாரணம் கிடையாது.